வார்டோ சாலை மூடியிருந்தது

யெல்ஸா, பிப்ரவரி 24

டோர்டிஸுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. மூன்று நாள் விடாமல் அடித்துப் பார்த்தேன். நம் மகள் உன்னிதான் கடைசியில் சொன்னாள், "அம்மா உன் நம்பரப் பாத்தாலே போனக் கவுத்து வச்சிடுறாப்பா. எழுதிப் பாரு." அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், கோபித்துக்கொள்ளாதே.

நான் ஒரு மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். ஸ்டவாங்கரில் ஒரு பல் டாக்டர் ஐந்து வருடம் ஓட்டியது, நீல நிறம். பழைய டீசல் வண்டி போய்விட்டது. போகும்போது அதன் பின்கதவைக் கயிற்றால் கட்டித்தான் அனுப்பினேன்.

மார்ச் 11ஆம் தேதி கிளம்பி வார்டோவுக்கு வருகிறேன். கோடை வரட்டும் என்று உன்னி சொல்கிறாள். கோடை என்ற வார்த்தையை இனி உன்னிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எந்தப் பாதையில் போனாலும் இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. குளிரில் இந்த வண்டி ஒரு சார்ஜுக்கு இருநூறு போனால் பெரிது என்கிறார்கள். ஆகவே நின்று நின்றுதான் வருவேன். வழியில் மூன்று இடங்களில் சில நாள் தங்குகிறேன்: ஸ்டைன்ஷேரில் ஹால்வார் வீடு (என் ஃபெர்ரியில் எஞ்சின் பார்த்துக்கொண்டவன், உனக்குத் தெரியும்), நார்விக்கில் ஒரு விடுதி, ஆல்டாவில் ஒரு விடுதி. முகவரிகள் பின்பக்கத்தில் இருக்கின்றன. ஏதாவது எழுத வேண்டுமென்றால் அங்கே எழுது.

வரவேண்டாம் என்றாலும் எழுது.

இங்வால்ட்

&nbsp;

வார்டோ, மார்ச் 3

இங்வால்டுக்கு,

வரவேண்டாம்.

ஒரு வரியோடு நிறுத்தத்தான் நினைத்தேன். தபால்தலை வாங்கியாகிவிட்டது, மீதிக் காகிதம் வெள்ளையாகக் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வருடம் ஃபெர்ரி ஓட்டிய மனுஷன் நீ. அக்கரைக்கும் இக்கரைக்கும் நீ போன தூரத்தைச் சேர்த்தால் உலகத்தை எத்தனை சுற்று வந்திருப்பாயோ. என் ஊருக்கு மட்டும் உனக்கு வழி தெரியவில்லை. ஒரு கோடையில் வைக்கோல், இன்னொரு கோடையில் கூரை, அதற்கடுத்த கோடையில் கம்பெனி லீவு தரவில்லை. என் அம்மா ஒவ்வொரு ஜூனிலும் தெற்கு அறையில் இரண்டு பேருக்குப் படுக்கை போட்டு வைத்தாள், ஆகஸ்டில் எடுத்து மடித்தாள். அவள் எனக்கு அதைச் சொன்னதில்லை. அவள் போன பிறகு பக்கத்து வீட்டு மார்கிட் சொல்லித்தான் தெரியும்.

அம்மாவின் கடைசி மார்ச்சில் அவள் படுத்துவிட்டாள் என்று போன் வந்தபோது, வாட்சோ வரை விமானத்தில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கிறேன் என்றேன். நீ சாலைத் தகவலைப் பார்த்துவிட்டு வந்து, வார்டோ சாலை மூடியிருக்கிறது, ஒரு வாரத்தில் திறந்துவிடும், சேர்ந்தே காரில் போகலாம் என்றாய். நான் கேட்டேன். நாலாம் நாள் அம்மா போய்விட்டாள். அடக்கத்துக்கு நான் தனியாக வந்தேன், உன்னை வராதே என்றேன். இரண்டு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

பல் டாக்டர் காரில் குளிரில் நடுவழியில் நின்றுபோனால் என்னைக் கூப்பிடாதே. எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்கிறேன் என்றபோது, அதுக்குத்தான் நான் இருக்கேனே என்றவன் நீதான்.

டோர்டிஸ்

&nbsp;

ஸ்டைன்ஷேர், மார்ச் 16

டோர்டிஸுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். வரவேண்டாம் என்றால் எழுது என்றேன், நீ எழுதிவிட்டாய், அப்படியும் கிளம்பிவிட்டேன். இதற்கு நீ திட்டலாம்.

இந்த வண்டி ஒரு விசித்திரம். டீசலில் மூன்று நிமிடம் நின்றால் முடிந்தது. இதற்கு அரை மணி, முக்கால் மணி. மனுஷனைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறது. முதல் நாள் எனக்கு வெறி பிடித்ததுபோல் இருந்தது. சார்ஜ் போடும் இடத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இரண்டாம் நாள் உள்ளே உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியையும் பழுப்புச் சீஸையும் தின்றேன். என் பக்கத்து வண்டியில் ஒரு கிழவனும் கிழவியும். அவள் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுக்கிறாள், அவன் வாங்கிக்கொள்கிறான். நான் வேறு பக்கம் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

அந்தக் கிழவன் இறங்கி வந்து எங்கே போகிறேன் என்று கேட்டான். வார்டோ என்றதும், "அடேயப்பா, தனியாவா?" என்றான். மனைவி எனக்கு முன்னாடியே போயிட்டா என்றேன். உடனே தொப்பியைக் கழற்றிவிட்டான். அவனைச் சமாதானப்படுத்தி, நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று நம்பவைக்க, சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் ஆகிவிட்டது.

டோவ்ரே மலை மேலே ஹீட்டரை அணைத்துவிட்டு ஓட்டினேன். அணைத்தால் முப்பது கிலோமீட்டர் மிஞ்சுகிறது. நீ பின்னிய கனத்த ஸ்வெட்டர் இருக்கிறது, கையுறை இருக்கிறது. மூச்சு பட்டுக் கண்ணாடி உள்ளேயே உறைந்தது, சாசேஜ் வைத்துத் தந்த அட்டையால் சுரண்டிக்கொண்டே ஓட்டினேன். ஹால்வாரிடம் சொன்னேன். அவன், "உன் பொண்டாட்டி ஏன் போனான்னு இப்ப புரியுது" என்றான்.

நாம் ஒருமுறை ரோரோஸ் போனோமே, உன்னிக்குப் பத்து வயது. வழியில் ஒரு ஏரியைப் பார்த்து ஒரு நிமிடம் நிறுத்து என்றாய். மதியத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்று நான் நிறுத்தவில்லை. மதியத்தில் அங்கே நமக்கு என்ன வேலை இருந்தது என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வடக்கே சால்ட் மலையில் புயல், சாலை மூடியிருக்கிறது. திறக்கும்வரை ஹால்வாரின் கொட்டகைக்குக் கதவு செய்துகொண்டிருக்கிறேன். உன் கடிதம் நார்விக்கில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வருவேன்.

இங்வால்ட்

&nbsp;

வார்டோ, மார்ச் 20

இங்வால்டுக்கு,

ஹீட்டரைப் போடு. நிமோனியா வந்து வழியில் செத்தால் அந்தத் தொப்பிக்காரன் நினைத்தது உண்மையாகிவிடும், ஆள் மட்டும் மாறிப்போகும். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றாவது வா, ஆனால் ஹீட்டரைப் போடு.

வா என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனாவில் எழுதியது, அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வாரம் மூன்று நாள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. மீன் உருண்டை நான்தான் பிடிக்கிறேன். கடையில் வாங்கியதை வைத்தால் பாதிப் பேர் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் மார்கிட்டோடு பின்னல். காற்று அடித்தால் எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு இருப்போம். குளிர்கால இருட்டு முடிந்து இப்போது வெளிச்சம் திரும்பிவிட்டது. ஜன்னலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறேன். நீ ஒருமுறை கேட்டாயே, "அங்க போய் என்னத்தப் பாக்கப் போறே, காத்தையா?" என்று. ஆமாம், அதைத்தான் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது.

சில நாள் சாயங்காலம் படியில் யாரோ பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்கும். நீ உள்ளே வருமுன் மூன்று முறை தட்டுவாயே, அதுபோல. தபால்காரனாக இருக்கும், அல்லது மார்கிட்டாக இருக்கும். எப்படியும் போய்ப் பார்ப்பேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். நீ எதற்கு வருகிறாய்? என்னைக் கூட்டிப்போகவா? யோசித்து எழுது. அரை மணி, முக்கால் மணி சும்மா உட்காருகிறாய் அல்லவா?

டோர்டிஸ்

&nbsp;

நார்விக், மார்ச் 26

டோர்டிஸுக்கு,

உன் கடிதம் விடுதி மேசையில் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. மூன்று முறை படித்தேன். ஹீட்டர் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் எளிது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வா, டோர்டிஸ். சமையலறைத் தரைக்கு அடியில் சூடு வைத்துவிட்டேன், வெறுங்காலோடு நிற்கலாம். ப்ளம் மரத்தைக் கத்தரித்திருக்கிறேன். உன் அலமாரியில் ஒன்றையும் தொடவில்லை. பிள்ளைகள் வந்தால் அம்மா எப்போது வருவாள் என்று கேட்கிறார்கள். எழுபத்திரண்டு வயதில் நான் தனியாக உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்கிறேன், இது எதற்கு? வண்டியில் உன் பக்கச் சீட்டுக்கும் சூடு உண்டு, தனி பொத்தான். திரும்பும்போது நீ சொல்லும் ஏரியில் எல்லாம் நிறுத்துகிறேன்.

ஒரு வேடிக்கை. பூக்னெஸிலிருந்து ஃபெர்ரியில் ஏறினேன். வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவன் கை காட்ட நான் வண்டியை உள்ளே விட்டேன். நன்றாக ஓட்டுகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிளம்பும் நேரம் தாண்டி நாலு நிமிடம் நின்றார்கள். தூரத்தில் ஒரு பெண் பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள், அவளுக்காகக் காத்திருந்தார்கள். நான் போய்ப் பேசிவிட்டேன். எங்கள் காலத்தில் மணி என்றால் மணி, யாருக்கும் நின்றதில்லை என்றேன். கை காட்டிய அந்தப் பையன் சிரித்தான். இப்படித்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

ஆல்டாவில் உன் பதிலுக்குக் காத்திருப்பேன்.

இங்வால்ட்

&nbsp;

வார்டோ, மார்ச் 31

இங்வால்டுக்கு,

யாருக்கும் நின்றதில்லை. உண்மைதான். உன்னி வயிற்றில் ஏழு மாதம், நான் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடி வந்தேன். நீ மேலே இருந்து பார்த்தாய். நான் கையைத் தூக்கினேன், நீயும் கையைத் தூக்கினாய், ஃபெர்ரி கிளம்பிவிட்டது. மழையில் ஒரு மணி நேரம் நின்றேன். அப்போது அதை ஒரு பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன்: என் வீட்டுக்காரன் பெண்டாட்டிக்காகக்கூட நேரம் தவறமாட்டான் என்று. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அறிவில்லை.

நான் கேட்டது, எதற்கு வருகிறாய் என்று. நீ சமையலறைத் தரையைப் பற்றி எழுதியிருக்கிறாய். வீட்டுக்கு வா என்கிறாய். நான் வீட்டில்தான் இருக்கிறேன், இங்வால்ட். நீ சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அது என்ன என்று நான் சொல்லித்தர மாட்டேன். இரண்டு வருடமாக அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு நான் காபி வைப்பேன். மூன்று மணிக்கு நீ படியில் நின்றால் கதவைத் திறப்பேன். மூன்று தாண்டினால் திறக்க மாட்டேன். உன் நேரப்படிதான் வைத்திருக்கிறேன், வருத்தப்படாதே.

டோர்டிஸ்

&nbsp;

கிபெர்க், ஏப்ரல் 5, சனி, மாலை நாலு மணி

டோர்டிஸுக்கு,

மணி மூன்று ஆகிவிட்டது. நாலும் ஆகிவிட்டது. இதைப் பனி வாரும் லாரி ஓட்டும் ஸ்டைனார் அடுத்த நடையில் கொண்டுவருவான். வார்டோக்காரன்தான், உன்னைத் தெரியுமாம். கதவைத் திறக்காவிட்டாலும் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொள்.

உன் கடிதம் ஆல்டாவுக்கு வியாழன் மதியம்தான் வந்தது. அப்போதே கிளம்பினேன். வெள்ளி இரவுக்குள் வாட்சோ சேர்ந்துவிட்டேன். காலையில் அங்கே சார்ஜ் போடும் இடத்தில் நாலு வண்டி வரிசை. எனக்கு முறை வந்தபோது பன்னிரண்டரை. இன்னும் எழுபத்தைந்து கிலோமீட்டர்தானே, ஐம்பது சதவீதம் ஏறினால் தாராளம் என்று பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஃபெர்ரிக்கு எண்ணெய் கணக்குப் பார்ப்பதுபோலவே பார்த்தேன். எதிர்க்காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. கிபெர்க் வந்தபோது பதினேழு சதவீதம், சாலையில் தடுப்புக் கம்பம், மலைமேல் ஒன்றும் தெரியவில்லை, லாரிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவோம் என்று பலகை. மணி இரண்டு பத்து. உனக்கும் எனக்கும் நடுவில் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை.

ஸ்டைனார் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். என் கண்ணாடியில் தட்டி, எவ்வளவு சார்ஜ் என்று கேட்டான். சொன்னேன். பின்னால் திரும்பிப் போ என்றான். பதினைந்து கிலோமீட்டருக்கு இது போதுமே என்றேன். போதும்தான், மேலே ஒரு வண்டி சிக்கினால் எல்லோரும் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், ஹீட்டர் இல்லாமல் உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றான். நான் கெஞ்சினேன். என் மனைவி மூன்று மணிக்குக் காபி வைத்திருக்கிறாள், இரண்டு வருடம் கழித்து என்றேன். அதற்கு அவன் சொன்னான்: "காபி ஆறினா மறுபடி சுட வச்சிக்கலாம். நீ ஆறினா என்ன பண்றது பெரியவரே? இது விதி. உனக்காக மாத்த முடியாது."

நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதே குரலில் சொல்லியிருப்பேன்.

வரிசை கிளம்பியது. ஒவ்வொரு வண்டியாக என்னைத் தாண்டிப் பனிக்குள் போனது. கடைசி வண்டியின் சிவப்பு விளக்கும் மறைந்தது. நான் கம்பத்துப் பக்கத்தில் நின்றேன். கையைத் தூக்கினேனா என்று தெரியவில்லை. தூக்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கிபெர்க்கில் ஒரு வீட்டுச் சுவர் பிளக்கில் வண்டி செருகியிருக்கிறது. குளிரில் டீசல் வண்டியின் எஞ்சினைச் சூடாக வைக்கப் போட்ட பழைய பிளக், சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. நாளை காலைக்குத்தான் பாதியாகும். அந்த வீட்டம்மா எனக்கு மீன் சூப் கொடுத்தாள். அவள் மேசையில்தான் எழுதுகிறேன்.

நீ சொல்லித்தர மாட்டேன் என்றது என்ன என்று எனக்குத் தெரியும். வழி முழுக்கத் தெரியும். ஆல்டாவில் ஒருமுறை எழுதிக் கிழித்தேன்.

அந்த மார்ச்சில் வார்டோ சாலை மூடியிருக்கவில்லை. நான் பார்த்தேன், திறந்திருந்தது. அன்று முழுக்கத் திறந்திருந்தது, மறுநாளும். மூடியிருக்கிறது என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

ஏன் என்றால், நீ போனால் திரும்ப மாட்டாய் என்று பயந்தேன். ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பயம்தான். வைக்கோல், கூரை எல்லாம் அதன்மேல் போட்ட துணி. நீ அம்மாவோடு போனில் பேசும்போது உன் பேச்சே மாறிவிடும். உங்கள் ஊர்ப் பேச்சாகிவிடும், சிரிப்பு வேறாகிவிடும். அந்தச் சிரிப்பு என்னிடம் வந்ததே இல்லை. அங்கே போய் அந்தச் சிரிப்பை நேரில் பார்த்துவிட்டால், நான் உன்னை அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தவன் என்பது எனக்கே தெரிந்துவிடும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அம்மா தேறிவிடுவாள், நீ போக வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அவள் போய்விட்டாள். என்னால்தான் நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உன்னைக் கூட்டிப்போக வரவில்லை. நார்விக்கில் எழுதியது தப்பு. இதைச் சொல்ல வந்தேன். சொல்ல இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தேவைப்பட்டது, அப்படியும் உன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் காகிதத்தில் சொல்கிறேன்.

நாளை சார்ஜ் ஏறினதும், நீ வேண்டாம் என்றால், திரும்பி தெற்கே போகிறேன். ஸ்டைனாரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும்.

இங்வால்ட்

&nbsp;

வார்டோ, ஏப்ரல் 6, ஞாயிறு, காலை ஆறு மணி

இங்வால்டுக்கு,

ஸ்டைனார் நேற்று ஆறு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். திறந்தேன். படியில் நீ இல்லை, உன் காகிதம்தான் இருந்தது. உள்ளே வா என்றேன், மாட்டேன் என்றான். "உன் வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்கார். கொஞ்சம் அழுதார், நான் பாக்காத மாதிரி நின்னேன்" என்றான். அவன் அம்மாவும் இப்படித்தான், ஒன்றையும் மறைக்கத் தெரியாது.

சாலை திறந்திருந்தது எனக்குத் தெரியும்.

நீ மூடியிருக்கிறது என்று சொன்ன அன்று மாலையே அம்மா போனில் சொன்னாள், ரொட்டி லாரி வந்தது, உனக்குப் பிடித்த ஏலக்காய் பன்னை மார்கிட்டிடம் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன் என்று. சாலை மூடியிருந்தால் ரொட்டி லாரி எப்படி வரும்? போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். நீ கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாய். வந்து கேட்டிருக்கலாம். மறுநாள் காலை டிக்கெட் எடுத்து நானே போயிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. நீயே வந்து சொல்வாய், நாளைக்குச் சொல்வாய் என்று இருந்தேன். மூன்று நாள் அப்படி இருந்தேன், இங்வால்ட். உன்னைப் பொய்யில் பிடிக்கக் காத்துக்கொண்டு, என் அம்மாவைத் தனியாக விட்டேன். உன்மேல் கோபம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பாதி யார்மேல் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

நேற்று மூன்று மணிக்குக் காபி வைத்தேன். மூன்றரைக்கு மறுபடி வைத்தேன். கதவுத் தாழ்ப்பாளைக் காலையிலேயே எடுத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இரவு தூங்கவில்லை. காற்று ஐந்து மணிக்கு நின்றது.

நீ தெற்கே திரும்ப வேண்டாம். அதற்காக, எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. நான் யெல்ஸாவுக்கு வருவேனா, எனக்குத் தெரியாது. நீ இங்கே எத்தனை நாள் இருப்பாய், அதுவும் தெரியாது. பேச வேண்டியது நிறைய இருக்கிறது, நீ குறுக்கே பேசாமல் கேட்டால்.

ஸ்டைனார் ஏழு மணிக்குத் தனியாகச் சாலையைச் சுத்தம் செய்துகொண்டு உன் பக்கம் வருகிறான், இதை அவன் கையில் கொடுக்கிறேன். பத்து மணிக்கு இங்கிருந்து வரிசை கிளம்பும். மார்கிட்டின் சிவப்பு வண்டியில், முன் சீட்டில் நான் இருப்பேன். அவளை அரை மணி நேரம் கெஞ்சினேன், சர்ச்சுக்குப் போகவேண்டுமாம்.

நீ ஓட்டிக்கொண்டு வந்து பாதி வழியில் நிற்காதே. வண்டியைப் பிளக்கிலேயே விட்டுவிட்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நில், தொப்பி போட்டுக்கொள். வளைவு திரும்பினதும் தூரத்திலிருந்தே எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

டோர்டிஸ்